வீட்டுக்குள் கோழிக்குஞ்சுகளுக்குக் கதகதப்பான இடம்: முதல் 6 வாரங்களில் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

ஹைதராபாத்: முட்டையிலிருந்து வெளிவந்த கோழிக்குஞ்சின் எடை ஏறத்தாழ 35 முதல் 40 கிராம் மட்டுமே. அதன் உடலை மென்மையான தூவி மூடியிருந்தாலும், தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு வந்திருக்காது. இறகுகள் முளைத்து முழுமை பெறும் வரை வெளியிலிருந்து வெப்பம் கிடைத்தாக வேண்டும். தாய்க்கோழி உடனிருந்தால் அதன் செட்டைக்கு அடியில் அந்த வெப்பம் கிடைத்துவிடும். தாய்க்கோழி இல்லாத நிலையில், அதன் இடத்தை நிரப்புவதற்காக மனிதர் அமைக்கும் கதகதப்பான இடமே 'புரூடர்' எனப்படும் குஞ்சு வளர்ப்பு அமைப்பு ஆகும்.

வாங்கிவந்த குஞ்சுகள் முதல் இரண்டு வாரங்களுக்குள் ஒவ்வொன்றாக இறந்துபோவது, சிறிய அளவில் கோழி வளர்க்கும் குடும்பங்கள் பலவற்றில் காணப்படும் இழப்பாகும். நோய் என்று கருதப்படும் இத்தகைய இறப்புகளில் பலவற்றுக்குக் குளிர், ஈரக்கூளம், காற்றோட்டக் குறைவு ஆகியவையே தொடக்கக் காரணங்களாக அமைகின்றன. இவை மூன்றையும் அதிகச் செலவின்றித் தவிர்க்க முடியும்.

புறக்கடை வளர்ப்பின் பரப்பு:

2019ஆம் ஆண்டு நடைபெற்ற 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் உள்ள கோழியினப் பறவைகளின் எண்ணிக்கை 85.18 கோடி. இவற்றில் சுமார் 31.7 கோடி பறவைகள் வீட்டுப் புறக்கடைகளில் வளர்க்கப்படுபவை. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புடன் ஒப்பிடும்போது, புறக்கடைக் கோழிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 46 விழுக்காடு உயர்ந்துள்ளது.

ஹைதராபாத்தின் ராஜேந்திர நகரில் இயங்கும் கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம், வனராஜா, கிராமப்ரியா ஆகிய இனங்களைப் புறக்கடை வளர்ப்புக்கென உருவாக்கியது. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்குரிய கடக்நாத் கருங்கோழிக்கு 2018ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தபின், அந்த இனக் குஞ்சுகளை வாங்கி வளர்க்கும் ஆர்வம் பல மாநிலங்களில் பெருகியது.

குஞ்சு பொரிப்பகங்களில் இருந்து வாங்கப்படும் ஒருநாள் குஞ்சுகள் தாயின்றியே வீடு வந்து சேர்கின்றன. அதிக முட்டையிடுவதற்காகத் தேர்ந்து உருவாக்கப்பட்ட இனங்களில் அடைக்கு அமரும் இயல்பே பெரும்பாலும் மறைந்துவிட்டது. எனவே, அக்குஞ்சுகளின் தொடக்கக் காலப் பராமரிப்பு முழுவதும் வளர்ப்பவரின் பொறுப்பாகிறது.

அரசுத் திட்டங்களும் இந்தப் பருவத்தின் முக்கியத்துவத்தை ஏற்றுள்ளன. ஊரகப் புறக்கடைக் கோழி வளர்ப்புத் திட்டத்தின் கீழ், ஒருநாள் குஞ்சுகள் 'தாய் அலகு' எனப்படும் பண்ணைகளில் 4 வாரங்கள் வரை வளர்க்கப்பட்ட பின்னரே பயனாளிக் குடும்பங்களிடம் வழங்கப்படுகின்றன. ஒருநாள் குஞ்சுகளை நேரடியாக வாங்குவோர், தாய் அலகில் நடைபெறும் அதே பணியைத் தங்கள் வீட்டிலேயே செய்ய வேண்டியிருக்கிறது.

வீட்டில் எந்த இடம் பொருத்தமானது?

குளிர்ந்த காற்று நேராக வீசாததும், அதே வேளையில் காற்று தேங்கி நிற்காததுமான அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜன்னலுக்கு நேர் எதிரிலும், கதவின் அடிப்பகுதியிலிருந்து காற்று புகும் இடத்திலும் அமைப்பை வைக்கக்கூடாது. தரை ஈரமின்றி இருத்தல் அவசியம். சிமெண்டுத் தரையாக இருப்பின், ஒரு பலகையையோ தடித்த அட்டையையோ விரித்து அதன்மேல் வைத்தால் தரையின் குளிர்ச்சி மேலேறாது.

சமையலறையைத் தவிர்ப்பது நல்லது. கோழிக்குஞ்சுகளின் எச்சத்தில் சால்மோனெல்லா நுண்ணுயிரி இருக்க வாய்ப்புள்ளதால், உணவு தயாரிக்கும் இடத்திலிருந்து அவற்றை விலக்கி வைக்க வேண்டும். மேலும், ஒட்டாத பூச்சு கொண்ட பாத்திரங்கள் அளவுக்கு மீறிச் சூடாகும்போது வெளியாகும் புகை, பறவைகளைச் சில நிமிடங்களிலேயே கொல்லக்கூடியது.

பூனை, நாய், எலி, காகம் ஆகியவை நெருங்க முடியாத இடமாகவும் அது இருக்க வேண்டும். எலி நுழைவதற்கு மிகச் சிறிய இடைவெளியே போதும் என்பதால், இரவில் கம்பி வலையால் மேற்பகுதியை மூடிவைப்பது பாதுகாப்பானது.

பெட்டியும் தடுப்பும்:

10 முதல் 20 குஞ்சுகளுக்கு, பெரிய அட்டைப்பெட்டியோ அகலமான பிளாஸ்டிக் தொட்டியோ தொடக்கத்தில் போதுமானது. அதற்கு மேற்பட்ட எண்ணிக்கைக்கு, அட்டை அல்லது தகரத் தகட்டை வட்டமாக வளைத்துத் தடுப்பு அமைக்கலாம். தடுப்பின் உயரம் 30 முதல் 45 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். குஞ்சுகளுக்குச் சிறகு வளர்ந்து தாவத் தொடங்கும்போது உயரத்தை அதிகரிக்க வேண்டும்.

வட்ட வடிவத்துக்குக் காரணம் உண்டு. குளிரினாலோ அச்சத்தினாலோ குஞ்சுகள் மூலையில் குவியும்போது, அடியில் சிக்கியவை மூச்சுத் திணறி இறக்கின்றன. வட்டத் தடுப்பில் மூலையே இல்லை. சதுரப் பெட்டியைப் பயன்படுத்துவோர், நான்கு மூலைகளிலும் அட்டைத் துண்டுகளை வளைத்துச் செருகினால் அதே பயன் கிடைக்கும்.

ஒரு குஞ்சுக்கு முதல் 4 வாரங்களில் அரைச் சதுர அடி இடமும், அதன்பின் 8 வாரம் வரை ஒரு சதுர அடி இடமும் தேவை. இதன்படி, 20 குஞ்சுகளுக்குத் தொடக்கத்தில் 10 சதுர அடி போதுமானது. இடம் குறைந்தால் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும்.

வெப்பம் தரும் அமைப்பு:

வீடுகளில் எளிதில் கையாளக்கூடியது இழை கொண்ட மின்விளக்கு ஆகும். கோடையில் ஒரு குஞ்சுக்கு 1 வாட், குளிர்காலத்தில் 2 வாட் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. எடுத்துக்காட்டாக, 50 குஞ்சுகளுக்குக் கோடையில் 50 வாட், குளிர்காலத்தில் 100 வாட் தேவைப்படும். ஒரே விளக்கில் இந்த அளவை எட்டுவதைவிட, இரண்டு விளக்குகளாகப் பிரித்துப் பொருத்துவது சிறந்தது. இரவில் ஒன்று பழுதானாலும் மற்றொன்று குஞ்சுகளைக் காக்கும்.

எல்இடி விளக்குகள் வெளிச்சம் தருமேயன்றி, குஞ்சுகளுக்குத் தேவையான வெப்பத்தைத் தருவதில்லை. இழை விளக்குகள் கிடைக்காத இடங்களில் அகச்சிவப்பு விளக்கையோ, ஒளியின்றி வெப்பம் மட்டும் தரும் பீங்கான் வெப்பியையோ பயன்படுத்தலாம். 250 வாட் அகச்சிவப்பு விளக்கைக் கூளத்தின் மட்டத்திலிருந்து 45 முதல் 60 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிடுவது வழக்கம். இருபது, முப்பது குஞ்சுகள் உள்ள சிறு பெட்டிக்கு அந்த விளக்கின் வெப்பம் மிகையானது.

வீட்டுக்குள் அமைக்கப்படும் புரூடரில் மிகப்பெரிய ஆபத்து தீ விபத்து ஆகும். விளக்கை அதன் மின்கம்பியில் மட்டும் தொங்கவிடாமல், சங்கிலி அல்லது உறுதியான கம்பியால் இரண்டு இடங்களில் கட்ட வேண்டும். விளக்கைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு இருப்பது நல்லது. அட்டை, துணி, காகிதம் ஆகியவை விளக்கைத் தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

விளக்கைப் பெட்டியின் நடுவில் வைப்பதைவிட ஒரு பக்கமாக வைப்பது சிறிய அமைப்புகளுக்கு ஏற்றது. அப்போது ஒரு பக்கம் வெப்பமாகவும், மறுபக்கம் சற்றுக் குளிர்ச்சியாகவும் இருக்கும். தனக்கு வேண்டிய இடத்தைக் குஞ்சே தேர்ந்துகொள்ளும்.

வாரவாரியான வெப்பநிலை:

விளக்கின் விளிம்புக்கு நேர் கீழே, கூளத்திலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது குஞ்சின் முதுகு மட்டத்தில் வெப்பநிலையை அளக்க வேண்டும். இருக்க வேண்டிய அளவுகள் வருமாறு:

முதல் வாரம்: 35 டிகிரி செல்சியஸ்
இரண்டாம் வாரம்: 32 டிகிரி
மூன்றாம் வாரம்: 29 டிகிரி
நான்காம் வாரம்: 27 டிகிரி
ஐந்தாம் வாரம்: 24 டிகிரி
ஆறாம் வாரம்: 21 டிகிரி

வாரந்தோறும் சுமார் 3 டிகிரி குறைப்பதே இதன் அடிப்படை. விளக்கைச் சிறிது உயர்த்தியோ, குறைந்த வாட் விளக்கை மாற்றியோ இதைச் செய்யலாம். குஞ்சுகள் வந்துசேர்வதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே விளக்கை எரியவிட்டு, கூளமும் வெதுவெதுப்பாகியுள்ளதா என்று கையால் தொட்டுப் பார்ப்பது அவசியம். காற்று சூடாக இருந்தும் கூளம் குளிர்ந்திருந்தால், குஞ்சின் உடல் வெப்பம் கால் வழியாகவும் வயிற்றுப் பகுதி வழியாகவும் வெளியேறிவிடும்.

குஞ்சுகளே சிறந்த வெப்பமானி:

வெப்பமானி ஓர் இடத்தின் அளவை மட்டுமே காட்டும். குஞ்சுகளின் நடத்தையோ அமைப்பு முழுவதன் நிலையையும் காட்டிவிடும். அவை விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, கூர்மையான குரலில் இடைவிடாது கத்தினால் குளிர் மிகுந்துள்ளது என்று பொருள். விளக்கிலிருந்து விலகித் தடுப்பின் ஓரத்தில் ஒதுங்கி, அலகைத் திறந்து மூச்சிரைத்து, சிறகுகளை விரித்துப் படுத்திருந்தால் வெப்பம் மிகுந்துள்ளது.

எல்லாக் குஞ்சுகளும் ஒரே பக்கமாக ஒதுங்கி நின்றால், எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வீசுகிறது என்று அறியலாம். பரவலாகச் சிதறி, சில தீனி தின்றும், சில நீர் பருகியும், சில கால் நீட்டி உறங்கியும், மெல்லிய குரலில் கீச்சிட்டும் இருந்தால் வெப்பம் சரியாக உள்ளது. வெப்பமானியின் அளவு சரியாக இருந்தும் குஞ்சுகள் நெருங்கிக் குவிந்தால், குஞ்சுகளின் நடத்தையையே ஏற்றுக்கொண்டு விளக்கைத் தாழ்த்த வேண்டும். குறிப்பாக, இரவு படுக்கைக்குச் செல்லும் முன்பும் அதிகாலையிலும் ஒருமுறை பார்ப்பது பல இழப்புகளைத் தவிர்க்கும்.

கூளம் எப்படி இருக்க வேண்டும்?

நெல் உமி, மரச்சீவல், உடைத்த நிலக்கடலை ஓடு ஆகியவற்றுள் அந்தந்தப் பகுதியில் எளிதாகக் கிடைப்பதைச் சுமார் 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பலாம். முதல் சில நாட்களில் குஞ்சுகள் கூளத்தையே தீவனம் என்று எண்ணித் தின்னக்கூடும் என்பதால், அதன்மேல் காகிதம் விரிப்பது வழக்கம். வழவழப்பான காகிதத்தில் குஞ்சுகளின் கால்கள் வழுக்கி இருபுறமும் விரிந்து, நிற்க முடியாத ஊனம் ஏற்படும். எனவே சொரசொரப்பான காகிதத்தையோ நெளிவு அட்டையையோ விரித்து, நாள்தோறும் மாற்றி, மூன்று நான்கு நாட்களில் அகற்றிவிட வேண்டும்.

பூஞ்சை பிடித்த கூளத்தைப் பயன்படுத்தவே கூடாது. அதிலுள்ள பூஞ்சை வித்துகள் குஞ்சுகளின் நுரையீரலைத் தாக்கி, மூச்சுத்திணறலையும் இறப்பையும் உண்டாக்கும். ஈரமான பகுதியை அன்றன்றே அள்ளி அகற்றிப் புதிய கூளம் இட வேண்டும். அறைக்குள் நுழையும்போது மூக்கை எரிக்கும் நெடி வீசினால், அம்மோனியா தேங்கியுள்ளது என்று பொருள். குஞ்சுகள் அதைத் தரைமட்டத்தில் இருந்து நாள் முழுவதும் சுவாசிக்கின்றன.

முதலில் நீர், பின்னர் தீவனம்:

குஞ்சு பொரிந்தபோது அதன் வயிற்றுக்குள் எஞ்சியிருக்கும் மஞ்சள் கரு, இரண்டு மூன்று நாட்கள் வரை உயிரைத் தாங்கும். தொலைவிலுள்ள பொரிப்பகத்திலிருந்து ஒருநாள் குஞ்சுகளைக் கொண்டுவர முடிவது இதனால்தான். எனினும், பயணத்தால் உடல் நீரை இழந்த குஞ்சுகளுக்கு வந்தவுடன் நீர் கொடுக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் சிறிது வெல்லமோ சர்க்கரையோ கலந்து, ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை நீரில் நனைத்து விட்டால் அவை பருகக் கற்றுக்கொள்ளும்.

திறந்த கிண்ணத்தில் குஞ்சுகள் விழுந்து நனைந்து, குளிரால் இறக்கும் வாய்ப்பு உண்டு. குஞ்சுகளுக்கான தண்ணீர்க் குவளை இல்லாவிடில், ஆழமற்ற தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி நீர் ஊற்றலாம். நீரும் தீவனமும் விளக்கின் நேர் அடியில் இல்லாமல் சற்றுத் தள்ளி இருக்க வேண்டும். 20 குஞ்சுகளே இருந்தாலும் இரண்டு இடங்களில் நீர் வைப்பது நல்லது. ஒரே குவளையெனில், வலிமை குறைந்தவை பின்தள்ளப்படும்.

நீர் பருகிய சில மணி நேரத்தில் தீவனம் வைக்கலாம். முதல் நாளில் காகிதத்தின்மேல் தூவினால் குஞ்சுகள் எளிதில் கண்டுகொள்ளும். பின்னர் தட்டுக்கு மாற்றலாம். முட்டையினக் குஞ்சுகளுக்கான தொடக்கத் தீவனத்தில் சுமார் 20 விழுக்காடு புரதம் இருக்க வேண்டும். அரிசிக் குருணை அல்லது மக்காச்சோளக் குருணையை மட்டுமே தொடர்ந்து கொடுத்தால் வயிறு நிறையுமே தவிர, இறகு முளைப்பதற்கான புரதம் கிடைக்காது. இறகு தாமதமானால், வெப்பம் தேவைப்படும் நாட்களும் நீளும்.

முதல் நாள் இரவில் சில குஞ்சுகளை எடுத்து, கழுத்தின் அடியிலுள்ள தீனிப்பையை மெல்லத் தொட்டுப் பார்க்கலாம். அது நிறைந்து மென்மையாக இருந்தால் குஞ்சு தின்றும் பருகியும் உள்ளது. கெட்டியாக இருந்தால் நீர் போதவில்லை. வெறுமையாக இருந்தால், குளிரால் அது விளக்கை விட்டு நகரவே இல்லை என்று கருதலாம்.

நோயும் தடுப்பூசியும்:

வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிகேத் நோய், புறக்கடைக் கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் தன்மை கொண்டது. இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தின் குமாவுன் மலைப்பகுதியில் உள்ள ராணிகேத் நகரில் 1928ஆம் ஆண்டு பதிவு செய்யப்பட்டதால், இந்தியாவில் அந்நோய்க்கு இப்பெயர் வழங்கலாயிற்று. இதற்கான முதல் தடுப்பு மருந்து, பொதுவாக 5 முதல் 7 நாள் வயதில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக இடப்படுகிறது. கம்போரோ நோய்க்கான மருந்து இரண்டாம் வாரத்தையொட்டிக் கொடுக்கப்படுகிறது. அந்தந்தப் பகுதியின் நோய்ச்சூழலுக்கேற்ப அட்டவணை மாறுபடும் என்பதால், அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்வது முறையாகும்.

எச்சத்தில் இரத்தம் காணப்பட்டால் இரத்தக்கழிச்சல் நோயாக இருக்கலாம். ஈரக்கூளமே அதற்கு இடமளிப்பது. குஞ்சின் ஆசனவாயில் எச்சம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து எடுக்க வேண்டும். அடைப்பு நீடித்தால் குஞ்சு இறந்துவிடும். குஞ்சுகளைத் தொட்டபின் சோப்பால் கை கழுவுவதை வீட்டிலுள்ள அனைவரும் பின்பற்ற வேண்டும். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் குஞ்சுகளைத் தொட அனுமதிக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

பருவமும் பகுதியும்:

காஷ்மீர், இமாச்சலப் பிரதேசம் போன்ற மலைப்பகுதிகளில், குளிர்காலத்தில் விளக்கு மட்டும் போதாமல் 'புகாரி' எனப்படும் கரி அல்லது விறகு அடுப்பால் அறை சூடேற்றப்படுகிறது. புகைபோக்கி வழியாகப் புகை வெளியேறுவது உறுதி செய்யப்பட வேண்டும். மூடிய அறையில் கரி எரிந்தால் உருவாகும் கார்பன் மோனாக்சைடு வாயு, குஞ்சுகளுக்கு மட்டுமின்றி அவ்வீட்டில் உறங்கும் மனிதர்களுக்கும் உயிராபத்தை விளைவிக்கும். அதற்கு நிறமும் மணமும் இல்லை.

ராஜஸ்தான், தெலங்கானா போன்ற மாநிலங்களின் கோடையில் நிலைமை நேர்மாறானது. பகலில் அறையின் வெப்பமே 35 டிகிரியைத் தாண்டுவதால் விளக்கை அணைத்து வைக்க நேரிடும். இரவில் வெப்பம் தணியும்போது மீண்டும் எரியவிட வேண்டும். அசாம் போன்ற மழை மிகுந்த பகுதிகளில் குளிரைவிடக் கூளத்தின் ஈரமே முதன்மையான சிக்கல் என்பதால், கூளத்தை நாள்தோறும் கிளறி உலர்த்துவது தேவையாகிறது.

மின்தடை ஏற்படும் இடங்களில், வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியால் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கலாம். பெட்டியின் முக்கால் பகுதியைப் போர்வையால் மூடி, எஞ்சிய பகுதியைக் காற்றுக்காகத் திறந்துவிட வேண்டும். தொடக்க நாட்களில் இருந்தே இரவில் சிறிது நேரம் வெளிச்சத்தைக் குறைத்துப் பழக்கினால், திடீரென இருள் சூழும்போது குஞ்சுகள் மிரண்டு குவிவது குறையும்.

எப்போது வெளியே விடலாம்?

பொதுவாக 5 முதல் 6 வாரங்களில் தூவி உதிர்ந்து இறகுகள் உடலை மூடிவிடும். முதுகிலும் கழுத்திலும் இறகு முழுமையாக வந்துள்ளதா என்று பார்த்தபின் முடிவெடுக்க வேண்டும். ஒரே நாளில் வெளியே மாற்றாமல், முதலில் பகலில் விளக்கை அணைத்து, பின்னர் வெயிலுள்ள வேளையில் பஞ்சாரத்தின் கீழ் வெளியே விட்டு, இறுதியாக இரவிலும் கூண்டுக்கு மாற்றுவது படிப்படியான முறை. குளிர்காலமாயின் ஓரிரு வாரங்கள் கூடுதலாக உள்ளேயே வைத்திருக்கலாம்.

வெளியே விடப்பட்ட குஞ்சு புழு, பூச்சி, தானியம் ஆகியவற்றைத் தானே தேடித் தின்று, குறைந்த செலவில் வளர்ந்துவிடும். அந்த நிலையை அடையும் வரையிலான 6 வாரங்களே வளர்ப்பவரின் நேரத்தையும் கவனத்தையும் மிகுதியாகக் கோருபவை. 20 குஞ்சுகள் வாங்கும் ஒரு குடும்பத்துக்கு, ஓர் அட்டைப்பெட்டி, இரண்டு விளக்குகள், ஒரு மூட்டை உமி, ஒரு வெப்பமானி ஆகியவற்றுக்கான செலவு மிகச் சிறிது. அச்செலவைத் தவிர்ப்பதால் இழக்கப்படுவதோ, பின்னாளில் அவ்வீட்டின் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டிய முட்டைகள் ஆகும்.